கண்ணாடிப் பெட்டியில் ரோஜா

இந்த வாரம்தான் கதைக்குள் காலெடுத்து வைக்கிறவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

சாம்பியன் ரீப்ஸில் சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று கட்டிய லைன் வீட்டிலிருந்து தினமும் விடிகாலை ரயிலைப் பிடித்து, மாலூர் ரோஜாப் பண்ணைக்குப் போய்ப் பூ தரம் பிரிக்கிறவள் ஷோபா. அவள் கணவன் அனில், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற எலக்ட்ரீஷியன். மகள் தேஜஸ்வினி, லைன் பெண்கள் ஹாக்கி அணியின் கேப்டன். ஹூப்ளியில் நடக்கும் போட்டியில் ஆட அந்த அணிக்கு அழைப்பு வந்திருக்கிறது. போக வழிச்செலவுக்குப் பணம் இல்லை. கோல் கீப்பர் பெண்ணுக்குக் காலில் கட்ட ஒழுங்கான பேட் இல்லை.

மகளிர் தினத்தன்று ரோஜா விற்று நிதி சேர்ப்பது என்று ஷோபா கிளம்பினாள். காம்பு கொஞ்சம் குட்டை என்று பண்ணையில் ஒதுக்கிய பூக்களை மேனேஜரிடம் பேசி அடக்க விலைக்கு வாங்கினாள். ராபர்ட்சன்பேட்டை பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஏகநாதன், "பாதிப் பூ என் கடைக்கு. மீதிய என் வாசல்லியே வெச்சு வித்துக்கோங்க" என்று வாக்குக் கொடுத்தார். எல்லாம் கூடிவந்த நேரத்தில், பூ வைக்கக் குளிர் அறை தருவதாகச் சொன்ன ஐஸ்கிரீம் ஏஜென்சிக்காரர் மெஷின் படுத்துவிட்டது என்று கையை விரித்தார். போன வாரம் அங்கேதான் விட்டிருந்தோம்.

சனிக்கிழமை மத்தியானம் பண்ணை வேன் பூக்கட்டுகளை இறக்கிவிட்டுப் போனபோது ஷோபா வீட்டில் இல்லை. பெங்களூரு முழுக்க ரோஜா கேட்டதால் பண்ணையில் எல்லோருக்கும் கூடுதல் ஷிப்ட். மார்ச் மாத வெயிலில் ஷீட் கூரை போட்ட லைன் வீடு எப்படிக் கொதிக்கும் என்று அவளுக்குத் தெரியும். ரயிலில் வரும்போதே, தலை தொங்கிய ரோஜாக்களை மனசுக்குள் எண்ணிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் பூவைக் காணோம்.

"குளிர்ல கீது. நீ துன்னுட்டுப் படு" என்றான் அனில்.

எங்கே என்று கேட்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. படுத்ததும் தூங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள். பூக்கட்டுகள் வரிசையாக அடுக்கி இருந்தன. ஒரு கட்டைப் பிரித்து மொட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். கிண்ணென்று இருந்தது. இதழ் ஓரத்தில் ஒரு கறுப்பு இல்லை, ஒரு பூவும் கழுத்துத் தளரவில்லை. பண்ணையின் குளிர் அறையிலிருந்து வருகிற பூகூடச் சில நாள் இவ்வளவு மிடுக்காக இருக்காது.

ஹாக்கிப் பெண்கள் வந்துவிட்டார்கள். போர் தண்ணீர் உப்பு, பூவுக்கு ஆகாது என்று கேன் தண்ணீரை வாளிகளில் ஊற்றி, துளி சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் கலந்தாள் ஷோபா. அடி இலைகளை உருவச் சொன்னாள். காம்பின் நுனியைத் தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக நறுக்கிக் காட்டினாள்.

எதிர் வீட்டு பாக்யலட்சுமி, உதவி செய்கிறேன் பேர்வழி என்று சொம்போடு வந்து பூ மேல் தண்ணீர் தெளிக்கப் போனாள்.

"ஐயோ அக்கா, வேணாம்! அதெல்லாம் மல்லிப் பூவுக்கு. ரோஜா எதழ் நனைஞ்சா புள்ளி உழும்."

"பூவுக்குத் தண்ணி தெளிக்காத ஊரு இன்னா ஊரும்மா" என்று முணுமுணுத்தபடியே அவள் திரும்பிப் போனாள்.

கடைசிக் கட்டைப் பிரிக்கும்போதுதான் ஷோபாவின் கண்ணில் அது பட்டது. செய்தித்தாள் மடிப்பில் ஒரு சாமந்தி இதழ், காய்ந்து சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. பண்ணையில் சாமந்தி கிடையாது. வீட்டிலும் வாங்கவில்லை. சாமந்தி மாலை விழுகிற ஒரே இடம் அவளுக்குத் தெரியும்.

அனிலை அடுப்படிக்குள் கூப்பிட்டாள்.

"பூவை எங்க வெச்சீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "கேஜ்ல."

சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றிய கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். சுரங்கம் மூடி வருஷங்கள் ஓடிவிட்டன. லைன்காரர்கள் அந்தப் பெயரை விடவில்லை. லைன் சங்கக் கட்டடத்தில் வைத்திருக்கிற பிணப் பெட்டிக்கு, அதுதான், செத்தவர்களைக் கெடாமல் வைக்கிற கண்ணாடி மூடிபோட்ட குளிர்பெட்டிக்கு, அதைச் சூட்டிவிட்டார்கள். முன்பெல்லாம் துபாயிலிருந்தோ கப்பலிலிருந்தோ பிள்ளை வந்து சேர்வதற்குள் பெற்றவர்களை அடக்கம் செய்யவேண்டியிருந்தது. அது பொறுக்காமல் வீடு தவறாமல் சந்தா போட்டு வாங்கிய பெட்டி. அதைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு அனிலுடையது.

ஷோபா குரலைத் தாழ்த்தினாள்.

"பொணப் பெட்டிலயா?"

"நல்லா கழுவித் தொடச்சுட்டுத்தான் வெச்சேன். நாலு டிகிரில நிக்க வெச்சேன். அதுக்குக் கீழ போனா எதழ் கருகிடும், மேல போனா விரிஞ்சுடும். அப்பப்போ மூடியத் தெறந்து பாத்துக்கினே இருந்தேன். பக்கத்துல வாழப்பழம் கீதான்னுகூடப் பாத்தேன். பழத்துக் காத்து பட்டா பூ சீக்கிரம் உதிரும்னியே."

ஷோபா அவனையே பார்த்தாள். பண்ணையில் நடந்ததையெல்லாம் தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவள் சொல்லுவாள். டிகிரி, காம்பு, பழத்துக் காற்று எல்லாம். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான். சுவரிடம் பேசுகிறோம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சுவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறது. திட்ட வேண்டிய நேரத்தில் அவளுக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

கதவோரம் தேஜஸ்வினி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்ட முகம்.

"மம்மி, ப்ளீஸ். யாருகிட்டயும் சொல்லாத. சும்னே, பேசாம போய் வித்துட்டு வந்துடலாம். ப்ராமிஸ் பண்ணு."

ஷோபா ப்ராமிஸ் பண்ணவில்லை. "ஆட்டோ வந்திச்சா பாரு" என்றாள்.

ஏகநாதன் கடை வாசலில் வாழைக்கன்று கட்டாத குறை. மகளிர் தினத் தள்ளுபடி என்று பேனர். உள்ளே முகூர்த்தப் புடவை எடுக்க வந்த ஒரு குடும்பம். வாளிகள் இறங்கியதும் ஏகநாதன் வெளியே வந்து, ஒரு பூவை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டார்.

"அடேங்கப்பா! இன்னாம்மா இது, இப்பத்தான் செடில இருந்து கிள்ளினாப்புல கீது! அந்த ஐஸ்கிரீம்காரன் மெஷின் போச்சுன்னானே. எந்த கோல்டு ரூம்ல வெச்சே?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. தேஜஸ்வினி அம்மாவின் கையைப் பின்னாலிருந்து கிள்ளினாள். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்த அனில் அப்படியே நின்றான்.

பண்ணையிலே வைத்தோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஷோபாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உள்ளே அந்தக் கல்யாணப் பெண் கண்ணாடி முன்னால் புடவையைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு இந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு போய், நாளைக்கு விஷயம் தெரிந்தால் அவள் மனசு என்ன பாடுபடும்? அதைவிட இன்னொன்றும் இருந்தது. மறைத்தால் அந்தப் பெட்டி கேவலம் என்று ஆகிவிடும். அதன் பக்கத்தில் உட்கார்ந்து பூவைக் காத்தவனும் கேவலம் என்று ஆகிவிடும். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் அது முடியவில்லை.

"எங்க லைன் பெட்டிலண்ணா. செத்தவங்கள வெக்கிற பெட்டி. சுத்தமா கழுவித்தான் வெச்சோம். உங்களுக்கு இஷ்டம்னா எடுத்துக்குங்க."

ஏகநாதனின் கையிலிருந்து பூ நழுவிக் கீழே விழுந்தது. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா, உனக்கு மூளை கீதா? கல்யாணத்துக்குப் புடவ எடுக்கற கடை இது! பொணம் படுத்த பெட்டில வெச்சத என் வாசல்ல எறக்குவியா? லைன்காரங்களுக்கு எது எங்க வெக்கிறதுன்னே தெரியாதா? எடு, மொதல்ல எடு! டேய், வாசல்ல தண்ணி ஊத்துங்கடா!"

புடவை எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தெருவே பார்த்தது.  கீழே விழுந்த அந்த ஒற்றைப் பூவை அனில் குனிந்து எடுத்து, ஊதித் தூசி தட்டி, வாளியில் வைத்தான். பிறகு வாளியை ஆட்டோவில் ஏற்றினான்.

ஆட்டோவில் தேஜஸ்வினி வெடித்தாள்.

"இன்னாத்துக்கு மம்மி சொன்னே? உன்ன யாரு கேட்டா? பொய்கூட வேணாம், சும்மா சிரிச்சிருந்தா போதும்! நாங்க ஹூப்ளிக்குப் போகக்கூடாதுன்னே பண்றியா?"

 மகள் சொன்னதில் பாதி சரி என்றுதான் ஷோபாவுக்கும் பட்டது. ரோஜாவுக்கு இன்றைக்கு ஒரு நாள்தான் உயிர். நாளைக்கு மகளிர் தினமும் இல்லை, பூவை வைக்க இடமும் இல்லை. சாயங்காலத்துக்குள் விற்காவிட்டால் பதினாறு பெண்களின் போட்டி அதோடு சரி.

"லைன்லியே விக்கலாம்" என்றாள்.

"அங்க யாரு மம்மி வாங்குவா?"

சங்கக் கட்டடத்து வேப்பமர நிழலில் வாளிகளை வைத்தார்கள். ஆட்டோ வந்து சேர்வதற்குள் பஜார் சேதி வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருந்தது. வீட்டு வாசல்களில் பெண்கள் நின்று பார்த்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை. ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குழந்தையை உள்ளே இழுத்துப் போனாள். ஹாக்கிப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கோல் கீப்பர் ஸ்வீட்டி அழுதேவிட்டாள்.

ஷோபா வாளியில் தண்ணீர் மாற்றினாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பூ விற்காவிட்டாலும் தளரக்கூடாது.

ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ராஜப்பாதான் முதலில் வந்தார். கைத்தடியால் வாளியைத் தட்டினார்.

"கேஜ்ல எறங்கி ஏறி வந்த பூவா இது?"

"ஆமாண்ணா."

"ஒண்ணு குடு. நானும் ஒரு நாளைக்கி அதுலதான் படுக்கப் போறேன். உள்ள எப்பிடி வாசன அடிக்குதுன்னு இப்பவே பாத்து வெச்சுக்கறேன்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆனாலும் பெண்கள் அசையவில்லை. கிழவர் ஒருத்தர் வாங்குவது வேறு, பெண்கள் தலையில் வைத்துக்கொள்வது வேறு.

அப்போது எதிர் வீட்டுக் கதவு திறந்தது. பாக்யலட்சுமி தலையை வாரி முடிந்துகொண்டு இறங்கி வந்தாள். போன ஆடியில் அவள் கணவர் போய்ச் சேர்ந்தார். கப்பலில் இருந்த மகன் வருகிற வரைக்கும் அவரும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தார். அதற்கப்புறம் அவள் எந்த விசேஷத்திலும் முன்னால் வந்து நின்றதில்லை.

வாளிக்கு முன்னால் நின்று, பொறுமையாக ஒரு சிவப்பு ரோஜாவைத் தேர்ந்தெடுத்தாள்.

"ஷோபா, காம்பக் கிள்ளி என் தலையில வெச்சு உடு."

ஷோபாவின் கை நின்றுவிட்டது. 

"அக்கா..."

"இன்னா பாக்கறே? எங்க வூட்டுக்காரரு அந்தப் பெட்டில மூணு நாளு இருந்தாரு. தெனமும் அந்தக் கண்ணாடி மேல மொகத்த வெச்சு முத்தம் குடுத்தேன். அப்ப எவளாவது ஐயோ தீட்டுன்னு என்னப் புடிச்சு இழுத்தாளா? எல்லாரும் பக்கத்துல நின்னுதானே அழுதீங்க?" அவள் குரல் உடைந்தது. உடனே நிமிர்த்திக்கொண்டாள். "புருசன் போனா பூ வெக்கக்கூடாதுன்னு எவனோ சொன்னான். அவரு படுத்த பெட்டில இருந்த பூவ வெக்கக்கூடாதுன்னு இன்னொருத்தன் சொல்றான். ரெண்டு பேரு பேச்சையும் நான் கேக்கறதா இல்ல. நீ வெய்யி."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நல்ல காம்பை ஷோபா ஒடித்ததே கிடையாது. அன்றைக்கு ஒடித்தாள். பாக்யலட்சுமியின் நரை கலந்த கொண்டையில் அந்தச் சிவப்பு ரோஜாவைச் செருகினாள். ஊசி கிடைக்கவில்லை. தன் தலையிலிருந்த ஊசியைப் பிடுங்கிக் குத்தினாள்.

பாக்யலட்சுமி தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவ்வளவுதான்.

முந்தானையால் வாயை மூடிய அதே பெண் குழந்தையோடு வந்தாள். "எங்க மாமனாரும் அதுலதான் இருந்தாரு. ரெண்டு குடுக்கா." அப்புறம் யார் முதலில் வந்தார்கள், யார் பின்னால் வந்தார்கள் என்று சொல்ல முடியாது. "எங்க அம்மா", "எங்க அண்ணன்", "எங்க நைனா" என்று ஒவ்வொருத்தியும் ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டு பூவை வாங்கினாள். சிலர் தலையில் வைத்துக்கொண்டார்கள். சிலர் வீட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டோவுக்கு வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் பெங்களூரு வேலைக்குப் போகிற ஆண்களும் வீட்டில் இருந்தார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு பெண்டாட்டிக்கு வாங்கினார்கள். பக்கத்தில் உள்ள ஊரிகத்திலிருந்தும் நந்திதுர்க்கிலிருந்தும்கூட வண்டியில் வந்து இறங்கினார்கள். ஸ்வீட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதழ்ல தண்ணி தெளிக்காதீங்க, தெனமும் காம்பு நறுக்குங்க" என்று எல்லாரிடமும் கத்திக் கத்திச் சொன்னாள்.

வாளிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. தேஜஸ்வினி அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"டாடி, செவ்வாய்க்கிழம ட்ரெயின் கன்பர்ம். பேடும் வாங்கிடலாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "மம்மிகிட்ட நான் கத்தினது தப்பு" என்றாள்.

"அத என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? மம்மிகிட்ட போய் சொல்லு."

அவள் போய்ச் சொல்லவில்லை. அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். அந்த வயசில் அதுவே பெரிசு. ஷோபா கணவனையும் மகளையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த லைனில் பிறக்காமல் வேறு எங்கே பிறந்திருந்தாலும் தனக்கு இந்த நாள் கிடைத்திருக்காது என்று நினைத்தாள். 

வெயில் சாய்கிற நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து கொஞ்சம் தள்ளி நின்றது. இறங்கியவளைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது. பாப்பம்மா. ஜவுளிக்கடை ஏகநாதனின் மனைவி. லைனுக்குள் அவள் காலெடுத்து வைத்து யாரும் பார்த்ததில்லை.

நேராக ஷோபாவிடம் வந்தாள். "மீதி கீற பூ எல்லாத்தியும் எனக்குக் குடும்மா" என்றாள்.

ஷோபா காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்ட பிறகும் பாப்பம்மா நகரவில்லை. 

"எங்க அத்த, அவரப் பெத்தவங்க, ரெண்டு வாரமா நெனவு இல்லாமக் கெடக்கறாங்க. டாக்டரு கைய விரிச்சுட்டாரு. என் பையன் ஹேமந்த் கனடாவுல கீறான். அவன அவங்கதான் தூக்கி வளத்தாங்க. நான் வர்ற வரைக்கும் ஆயாவ எடுத்துடாதீங்கன்னு போன்ல அழுவறான்." அவள் அனில் பக்கம் திரும்பினாள். "தம்பி, அந்தப் பெட்டி லைன்காரங்களுக்கு மட்டுந்தான்னு தெரியும். எங்களுக்கும் குடுப்பீங்களா? நான் வந்தது அவருக்குத் தெரியாது."

கடை வாசலில் தண்ணீர் ஊற்றச் சொன்ன குரல் எல்லோர் காதிலும் இன்னும் இருந்தது.  ஷோபா அனிலைப் பார்த்தாள். அவன் சரி என்று தலையாட்டுவான் என்று அவளுக்கு நிச்சயம். அவன் யாருக்கும் இல்லை என்று சொன்னதே இல்லை.

அனில் நிமிர்ந்தான்.

"குடுக்கறோம்மா. சங்கத்துல நானே பேசறேன். ஆனா கடைக்கார அண்ணன் வந்து கேக்கணும். இங்க வந்து, எங்க லைன்காரங்க முன்னால நின்னு, அவரு வாயால கேக்கணும்."

கல்யாணமான நாளிலிருந்து அவன் ஒரு மூச்சில் இவ்வளவு உறுதியாகப் பேசி ஷோபா கேட்டதில்லை. பின்னாலிருந்து யாரோ, "அப்பிடிக் கேளு அனிலு!" என்றார்கள்.

பாப்பம்மாவின் கண்ணில் தண்ணீர் திரண்டது. "அவரு வரமாட்டாரு, தம்பி. வீம்பு புடிச்ச மனுசன். அவரு மனசு மாறுற வரைக்கும் அத்த உயிரு நிக்காது."

ரோஜாக்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். வண்டி பஜார் பக்கம் திரும்பியது.

"இன்னாங்க இப்பிடிச் சொல்லிட்டீங்க? பாவங்க அந்தம்மா" என்றாள் ஷோபா.

"காலைல நீ வாய மூடிக்கினு இருந்தியா? இல்லியே? நானும் இப்ப வாய மூடல."

காலையிலிருந்து அவனை நினைத்து நினைத்துப் பெருமைப்பட்டவள் அவள். இதற்குப் பெருமைப்படுவதா, பயப்படுவதா என்று அவளுக்குப் புரியவில்லை.

"அவரு வரலன்னா?"

 அனில் சங்கக் கட்டடத்தின் பூட்டைத் திறந்து உள்ளே போனான். ஷோபா வாசல்வரை போய் எட்டிப் பார்த்தாள். பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கி நிறுத்தி, உள்ளே கிடந்த ரோஜா இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிட்டு, இன்றைக்கே யாருக்கோ வேண்டியிருக்கும் என்பதுபோல ஈரத் துணியால் அவன் அழுத்தித் துடைக்கத் தொடங்கியிருந்தான்.